வியர்த்த டேப்பட் கவர்: பழைய எஞ்சினின் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் செய்த அனுபவம்

மூன்று முறை கழுவி, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தாலும் கறை ஒட்டாத அளவுக்குச் சுத்தம் செய்திருந்த டேப்பட் கவர் அது, எஞ்சினின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் தகட்டு மூடி. தூள் தெளிப்பதற்கு முன் மிச்சமிருக்கும் ஈரம் போகட்டும் என்று ஓவனுக்குள் தொங்கவிட்டு 200 டிகிரி செல்சியஸில் வைத்தேன். கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, கவரின் உள்பக்கத்தில் புள்ளி வெல்டிங்கால் ஒட்டப்பட்டிருந்த தடுப்புத் தகட்டின் ஓரத்திலிருந்து தேன் நிறக் கோடு ஒன்று மெல்ல இறங்கி, கீழ் விளிம்பில் திரண்டு, சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினிலிருந்து கழற்றி எட்டு மாதங்களுக்குப் பிறகும் அந்தத் தகட்டுக்குப் பின்னால் எண்ணெய் ஒளிந்திருந்தது. நான் அவசரப்பட்டு முதலிலேயே தூளைத் தெளித்திருந்தால், உருகிக்கொண்டிருக்கும் பூச்சின் நடுவே அந்தச் சொட்டு வழிந்து, ஒரு நாள் வேலையை ஒரே நிமிடத்தில் பாழாக்கியிருக்கும்.

உலர்ந்த நிறத்தூளை மின்னூட்டத்தால் பாகத்தில் படியவைத்து, ஓவன் சூட்டில் உருக்கி இறுக்கும் பவுடர் கோட்டிங்கில் தூள் தெளிப்பதுதான் கடினமான கட்டம் என்று தொடங்கும்போது நினைத்திருந்தேன். ஒரு முழு எஞ்சினுக்குரிய சில்லறைப் பாகங்களைச் செய்து முடித்த பிறகு, தெளிக்கும் வேலை மொத்த உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது தெரிந்தது. மற்றதெல்லாம் அந்தப் பாகம் தனக்குள் எதை மறைத்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே கழிந்தது. எண்ணெய், காற்று, துகள், பழைய ஈயப் பற்று, கண்ணுக்குத் தெரியாத விரிசல் என ஏதோ ஒன்று ஒவ்வொரு பழைய பாகத்திலும் இருக்கிறது; 200 டிகிரியில் அது வெளியே வந்துவிடுகிறது.

என் கார் 1960களில் செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், தகட்டில் அழுத்தி எடுத்த டேப்பட் கவரும், எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பும். அந்தக் காலத்தில் எஞ்சினுக்கு எனாமல் பெயிண்ட் அடித்துத்தான் வெளியே அனுப்பினார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே காரை வைத்திருக்க வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர்களுக்குப் பவுடர் கோட்டிங் ஏற்புடையதாக இருக்காது. அதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் பளபளப்பும் தடிமனும் பழைய எனாமலைப் போல இருப்பதில்லை. நிறத்தைப் பொருத்துவதும் கடினம். பெயிண்டைப் போல இரண்டு நிறத் தூள்களைக் கலந்து மூன்றாவது நிறத்தை உண்டாக்க முடியாது. கலந்தால் உருகிய பிறகு புள்ளி புள்ளியாக இரண்டு நிறமும் தனித்தனியே தெரியும். நான் காரை ஓட்டுவதற்காக வைத்திருப்பவன். எண்ணெயும் பெட்ரோலும் பட்டால் உரியாத பூச்சு வேண்டும் என்பதே என் நோக்கம் என்பதால், கிடைக்கும் நிறங்களில் நெருக்கமானதோடு சமாதானம் செய்துகொண்டேன்.

எதற்குப் பூசுவது என்பதைவிட எதற்குப் பூசக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்வது நல்லது. டேப்பட் கவர், சம்ப், டைமிங் கவர், ஃபேன், டைனமோ பிராக்கெட்டுகள், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஏர் கிளீனரின் ஓடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொடவில்லை. அது எட்டும் சூட்டைச் சாதாரணத் தூள் தாங்காது, அதற்குச் செராமிக் வகைப் பூச்சுதான் சரி. பிளாக்குக்கு எனாமலே அடித்தேன். அவ்வளவு பெரிய வார்ப்பிரும்பை முழுவதும் சூடாக்க என் ஓவனும் போதாது, அதன் எண்ணெய் வழிகளுக்கு அருகில் பிளாஸ்டிங் (கரடான துகளைக் காற்றழுத்தத்தால் அடித்துச் சுரண்டுவது) செய்யும் துணிவும் எனக்கு இல்லை. கிராங்க் புல்லியில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருந்தால் ஓவனுக்குள் வைக்கவே கூடாது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் என்பதால், ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் போலப் பற்றுவைத்துச் செய்த எதுவும் ஓவனில் கழன்று விழும். என் ஏர் கிளீனரின் மூக்குக் குழாயை யாரோ முன்பு பற்றுவைத்துப் பழுது பார்த்திருந்தார்கள். பெயிண்டை உரித்த பிறகுதான் அந்த வெள்ளி நிறக் கோடு தெரிந்தது. அதைப் பிரித்து, பித்தளையால் பற்றவைத்த பிறகே ஓவனுக்குள் அனுப்பினேன்.

எண்ணெய் விஷயத்துக்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் என் நேரத்தில் பெரும்பகுதியை அதுதான் விழுங்கியது. தகட்டுப் பாகங்களை முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்தேன். பிறகு சூடான நீரில் காரத்தன்மை கொண்ட டிகிரீசரைக் கலந்து கழுவினேன். இரும்புக்குக் காஸ்டிக் சோடா கலந்த நீர் அருமையாக வேலை செய்யும். ஆனால் அலுமினியத்தை அது நுரைத்து அரித்துவிடும் என்பதால் இரண்டுக்கும் தனித்தனி வாளி வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்தாலும் தடுப்புத் தகட்டின் பின்புறத்துக்குப் பிரஷும் எட்டாது, சோப்பு நீரும் சரியாகப் போய்ச் சேராது. டேப்பட் கவரில் மூச்சுக்குழாய்க்குள் கம்பிவலை ஒன்றும் இருந்தது. அது எண்ணெய்க் கசடைப் பஞ்சுபோல் பிடித்து வைத்திருந்தது. வலையைப் பிடுங்கி எடுத்துவிட்டு, கவரை ஓவனில் சூடாக்கி, வியர்த்த எண்ணெயைத் துடைத்து, ஆறவிட்டுக் கழுவி, மீண்டும் சூடாக்கினேன். இரண்டாவது முறை சொட்டு குறைந்தது. மூன்றாவது முறை தகட்டின் ஓரத்தில் ஒரு பழுப்பு நிழல் மட்டும் படிந்தது. நான்காவது முறை எதுவும் வரவில்லை. ரிவெட் அடித்த தகடாக இருந்தால் இந்தச் சிரமமே வேண்டாம், ரிவெட்டைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் பிறகு புதிது அடித்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிங்கைப் பற்றிச் சொல்வதில் ஒரு பயத்தோடுதான் தொடங்க வேண்டும். பழைய பெயிண்டையும் துருவையும் எடுத்து, தூள் பிடிக்கும்படி சற்றுச் சொரசொரப்பான பரப்பை உண்டாக்க அலுமினியம் ஆக்சைடு துகள் மிகச் சிறந்தது. துகளின் பருமனைக் குறிக்கும் நம்பரில் நான் 100 முதல் 120 வரை பயன்படுத்தினேன். ஆனால் அதே துகள் எஞ்சினுக்குள் ஒரு சிட்டிகை போனாலும் பேரிங்குகளை அரைத்துவிடும். சம்ப்பை பிளாஸ்டிங் செய்து, காற்றடித்து, கழுவி, காயவைத்து, இனி எதுவும் இல்லை என்ற நம்பிக்கையோடு ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து மரச்சுத்தியலால் நான்கு பக்கமும் தட்டினேன். காகிதத்தில் கரும்பழுப்பு நிறத்தில், உப்புத் தூவியதுபோல, நாற்பது ஐம்பது மணிகள் விழுந்தன. அவை உள்ளே இருந்த தடுப்புத் தகட்டின் மடிப்பிலிருந்து வந்தவை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது: காகிதத்தில் தொடர்ந்து மூன்று முறை எதுவும் விழாத வரை எந்தப் பாகமும் அடுத்த கட்டத்துக்குப் போகாது. இப்போது யாராவது கேட்டால், உள்ளே எண்ணெய் புழங்கும் பாகத்தின் உள்பக்கத்தை பிளாஸ்டிங் செய்யவே வேண்டாம், வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு திறப்புகளை எல்லாம் தகட்டாலும் டேப்பாலும் அடைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உள்பக்கம் பூச்சும் பூசக்கூடாது; அடியில் எண்ணெய்க் கறை இருந்து ஒரு செதில் உரிந்தால் அது போய்ச் சேரும் இடம் ஆயில் பம்ப்பின் சல்லடைதான்.

சம்ப்பில் இன்னொரு வேலையும் இருந்தது. பல ஆண்டுகளாக யார் யாரோ கசிவை நிறுத்துவதற்காக போல்ட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கியதில், விளிம்பின் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு மேலே குழிந்து எழும்பியிருந்தது. பூசிய பிறகு தட்டினால் பூச்சு நொறுங்கும் என்பதால், விளிம்பை ஒரு கட்டை இரும்பின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் ஒவ்வொரு துளையையும் முதலிலேயே மட்டமாக்கினேன். வளைவு, நெளிவு, வெல்டிங், துளை பெரிதாக்குதல் எதுவானாலும் தூளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பாடி வேலைக்குப் போடும் சாதாரணப் பட்டியை இங்கே போட முடியாது. அது ஓவன் சூட்டில் வெடித்துக் கிளம்பும், மின்சாரத்தையும் கடத்தாது. சூட்டைத் தாங்கும், உலோகத்தூள் கலந்த எபாக்சிப் பட்டி தனியாக உண்டு. ஃபேன் போன்ற சுழலும் பாகங்களைப் பூசுவதற்கு முன் ரிவெட்டுகளின் அருகிலும் இறக்கைகளின் அடியிலும் விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பூசிவிட்டால் அந்த விரிசல் உடையும் நாள் வரை மறைந்தே இருக்கும்.

வார்ப்பு அலுமினியம் வேறு விதமாக ஏமாற்றியது. தெர்மோஸ்டாட் ஹவுசிங் பார்வைக்கு மிகச் சுத்தமாக இருந்தது. அதில் எண்ணெய் புழங்குவதில்லை என்பதால் சூடாக்கிப் பார்க்காமலே தூளைத் தெளித்து ஓவனில் வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது கருப்புப் பூச்சு முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் சிறு துளைகள். பூச்சு உருகி இறுகும் அதே நேரத்தில், வார்ப்பின் நுண்துளைகளில் அடைபட்டிருந்த காற்றும், பல ஆண்டுகளாக ஊறிய ஈரமும் குமிழாக வெளியேறியிருந்தன. இதற்கு மருந்து, பூசும் சூட்டைவிட 20 முதல் 30 டிகிரி அதிகமாக வைத்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெறும் பாகத்தையே வேகவைப்பது. வரவேண்டியதெல்லாம் அப்போதே வந்துவிடும். பூச்சை உரித்து, மீண்டும் பிளாஸ்டிங் செய்து, 225 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தபோது குழாய் மூக்கைச் சுற்றி மஞ்சள் கறை படிந்திருந்தது. அதை நீக்க லேசாக ஒரு முறை பிளாஸ்டிங் செய்துவிட்டுத் தூள் தெளித்தேன். இம்முறை இரண்டே துளைகள்தான், அவையும் அடிப்பக்கத்தில். வாயு வெளியேறுவதைத் தாங்கும் தனி வகைத் தூளும் ப்ரைமரும் கிடைக்கின்றன; மோசமான வார்ப்புக்கு அவற்றைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். வெப்பப் பதம் ஏற்றிய அலுமினியப் பாகமாக இருந்தால் மட்டும் இந்த வேகவைப்பைச் செய்யத் தயங்க வேண்டும், ஏனெனில் அந்தச் சூட்டில் பதம் இறங்கி உலோகம் மென்மையாகிவிடும். கார்புரேட்டர் உடலைப் போலத் துத்தநாகக் கலவையில் வார்த்தவற்றுக்குக் கொப்புளம் கட்டும் குணம் இன்னும் அதிகம். அவற்றை நான் பூசவில்லை.

பிளாஸ்டிங் முடிந்த பரப்பை வெறும் கையால் தொடக்கூடாது என்பது எல்லோரும் சொல்லும் விதி. ஒரு பெருவிரல் ரேகை பூச்சுக்கு அடியில் கண்கூடாகத் தெரியும்படி பதிந்த பிறகுதான் நான் அதை மதித்தேன். கையுறை போட்டு, அசிட்டோனால் துடைத்து, இரும்பாக இருந்தால் அன்றே தூள் தெளித்துவிட வேண்டும். ஈரமான நாளில் சில மணி நேரத்திலேயே பரப்பில் இளந்துரு மஞ்சளாகப் பூத்துவிடும்.

அடுத்து, எங்கெல்லாம் தூள் படக்கூடாது என்று அடைக்கும் வேலை. கேஸ்கட் உட்காரும் பரப்பு, கடைசல் பிடித்த பரப்பு, மரை உள்ள துளைகள், பெல்ட் ஓடும் பள்ளம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. மரைத் துளைகளுக்குச் சூடு தாங்கும் சிலிக்கான் அடைப்பான்களையும், தட்டையான பரப்புக்குப் பச்சை நிறப் பாலியெஸ்டர் டேப்பையும் பயன்படுத்தினேன். அந்த டேப் ஏறக்குறைய 200 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் பழுப்பு நிறப் பாலிஇமைடு டேப் வேண்டும். டேப்பை எடுக்கும்போது விளிம்பில் கூரான கத்தியால் கீறிவிட்டு இழுத்தால் பிசிறு இல்லாத கோடு கிடைக்கிறது; ஆறிய பிறகு கீறாமல் இழுத்தால் பூச்சும் செதிலாகக் கூடவே வரும்.

நான் தவறவிட்டது போல்ட் தலையும் வாஷரும் உட்காரும் இடங்களை. டைனமோ பிராக்கெட் முழுவதும் அழகாகப் பூசி, இறுக்கிப் பொருத்திவிட்டேன். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஃபேன் பெல்ட் கீச்சிடத் தொடங்கியது. பெல்ட்டைக் குறை சொல்லிக்கொண்டே ஸ்பேனரை வைத்தால், பிராக்கெட்டின் போல்ட் கால் சுற்று எந்த எதிர்ப்பும் இல்லாமல் திரும்பியது. கழற்றிப் பார்த்தபோது வாஷருக்கு அடியில் பூச்சு பிதுங்கி ஒரு சிறிய வரம்பு கட்டியிருந்தது. எஞ்சின் சூட்டில் பூச்சு சற்று இளகி, போல்ட்டின் அழுத்தத்தில் நசுங்க, அந்த அளவுக்கு இறுக்கம் போய்விட்டது. ஒரு தலைமுடியின் தடிமன்தான்; ஆனால் மேலும் கீழும் இரண்டு பக்கங்களிலும் பூசினால் அது இரண்டு மடங்கு. அதே பிராக்கெட் இன்னொரு தொல்லையும் கொடுத்தது. டைனமோவின் உடல் எஞ்சினோடு எர்த் ஆவது அந்தத் தொடுபரப்புகள் வழியாகத்தான். பூச்சு நல்ல மின்தடுப்பான் என்பதால் சார்ஜ் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்த்து ஒரு மாலைப் பொழுதை வீணாக்கிய பிறகுதான் இது புத்திக்கு எட்டியது. வாஷர் உட்காரும் வட்டங்களையும் பொருத்தும் பரப்புகளையும் உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்ததும் இரண்டு கோளாறுகளும் ஒன்றாகத் தீர்ந்தன. இப்போதெல்லாம் ஒவ்வொரு போல்ட் துளையிலும் வாஷரின் அளவுக்கு வட்டமாக டேப் வெட்டி ஒட்டிவிடுகிறேன்.

தெளிக்கும் வேலையில் முக்கியமானது எர்த்தும் உலர்ந்த காற்றும். தெளிக்கும் கன் தூளுக்கு மின்னூட்டம் கொடுக்கிறது. எர்த் செய்யப்பட்ட பாகம் அதை இழுத்துக்கொள்கிறது. பாகத்தைத் தொங்கவிடும் கொக்கியில் முந்தைய வேலையின் பூச்சு படிந்திருந்தால் அந்த எர்த் கிடைக்காது, தூள் பட்டும் படாமலும் கீழே உதிரும். ஒவ்வொரு முறையும் கொக்கியின் தொடும் முனையை அரத்தால் தேய்க்க வேண்டும். கம்ப்ரசரில் ஈரம் பிரிப்பான் இல்லாவிட்டால் தூள் கட்டிகட்டியாகத் துப்பும். விலா எலும்புபோல் வரிகள் உள்ள வார்ப்புகளில் தூள் மேடுகளில் குவிந்து, பள்ளத்துக்குள் போக மறுக்கும். மின்புலம் உள்மூலைகளுக்குள் நுழையாததே காரணம். அங்கே மின்னழுத்தத்தையும் காற்றையும் குறைத்து, பள்ளங்களுக்கு முதலிலும் வெளிப்பரப்புக்குப் பின்னரும் தெளித்தால் ஓரளவு சமமாகப் படிகிறது. இடைவெளி தெரிகிறதே என்று மேலும் மேலும் தெளிப்பதுதான் புதியவர் செய்யும் தவறு. படிந்த தூளில் மின்னூட்டம் அளவுக்கு மீறிச் சேர்ந்து, புதிதாக வருவதைத் தள்ளத் தொடங்கும்; பரப்பில் சிறு குழிகள் விழும், உருகிய பிறகு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும். 60 முதல் 80 மைக்ரான் தடிமன் போதுமானது. மனதுக்குப் பிடிக்காவிட்டால் ஓவனுக்குப் போகும் முன் காற்றால் ஊதித் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்பது பெயிண்டில் இல்லாத சலுகை.

ஓவனில் எல்லோரும் தடுமாறும் இடம் நேரக் கணக்கு. நான் வாங்கிய தூளின் உறையில் 200 டிகிரியில் 10 நிமிடம் என்று இருந்தது. அது உலோகத்தின் சூடு, ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு இல்லை. தகட்டு டேப்பட் கவர் அந்தச் சூட்டை எட்ட என் ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனது; தடித்த தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கு அரை மணிக்கு மேல் ஆனது. தூள் உருகிப் பளபளப்பாவது இதற்கு வெகு முன்பே நடந்துவிடுவதால், பளபளப்பைப் பார்த்து நேரத்தைத் தொடங்கினால் பூச்சு அரைவேக்காடாகவே இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், முதல் முறை பெட்ரோல் பட்டதும் மென்மையாகும். தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வெறும் அலுமினியத்தில் மிகக் குறைவாகக் காட்டும் என்பதால், கம்பி வைத்த வெப்பமானியின் முனையை மறைவான ஒரு துளையில் செருகி வைத்துக்கொண்டேன். ஆறிய பிறகு கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சால் சில முறை தேய்த்துப் பார்க்கலாம். நிறம் தாராளமாகப் பஞ்சில் ஏறி, பளபளப்பு செத்துவிட்டால் இன்னும் வேக வேண்டும்.

சமையலுக்குப் பயன்படும் ஓவனை இதற்குத் தொடவே கூடாது. இதற்குப் பயன்படுத்தியதைச் சமையலுக்குத் திருப்பவும் கூடாது. காற்றில் மிதக்கும் நுண்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது என்பதால் கேஸ் அடுப்பு, ஹீட்டர், சிகரெட் எதுவும் அருகில் இருக்கலாகாது. பிளாஸ்டிங்குக்கு ஆற்று மணலைப் போடுவது நுரையீரலைக் கெடுத்துக்கொள்ளும் வழி. பழைய பெயிண்டில் காரீயமும் இருக்கலாம். முகமூடி நன்றாகப் பொருந்துவதாக இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகு எஞ்சினைப் பூட்டினேன். டேப்பட் கவரின் இரண்டு நட்டுகளையும் முதல் முறை இறுக்கும்போது ஸ்பேனர் நழுவி, ஒரு மூலையில் அரிசி அளவு பூச்சு பெயர்ந்தது. பூசிய தூளை அங்கங்கே ஒட்டுப்போட வழியில்லை. பிளாக்குக்கு வாங்கி மிச்சமிருந்த எனாமலை ஒரு தீக்குச்சி முனையால் தொட்டு அந்த இடத்தில் வைத்தேன். நிறம் சற்று வேறுபடுகிறது. பானெட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் கண் முதலில் போவது அந்த மூலைக்கும், பிறகு தடுப்புத் தகட்டின் பக்கமிருக்கும் விளிம்புக்கும்தான். அங்கே இதுவரை எதுவும் வியர்க்கவில்லை.